இரண்டு இணைப்பும் ஒரு ‘வ்யூ’வும்

“ஓர் அலுவலகத்துக்கு ஓர் இணைய இணைப்பு மட்டுமே அனுமதிக்கப்படும். அது பழுதடைந்தால் பொறுப்பு ஊழியர் பழுதின் தன்மையை மின்னஞ்சல் மூலம் மேலிடத்துக்குத் தெரிவித்து, மறுமொழி பெற்ற பின்னரே மாற்று ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.”

எங்கள் துறையின் வலையமைப்புக் கையேட்டில் உள்ள விதி இது. இணையம் இல்லை என்பதை இணையத்தின் வழியாகத்தான் சொல்ல வேண்டும். இதை எழுதியவரை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஒரு காபி வாங்கிக் கொடுத்து, எந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தீர்கள் என்று கேட்டிருப்பேன். ஆனாலும் விதி விதிதான். அதை மீறியது நான். அதற்காக வேறொருவரின் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியது. அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதை எழுதச் சொன்னது கலைவாணி. என்னோடு இளநிலை எழுத்தராக இருந்தவள். இப்போது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். புதுக் கட்டடத்தில் அவர்களுக்கு ஒரு பெட்டி கொடுத்திருக்கிறார்களாம். அதில் இரண்டு இணைப்புகள். ஒன்று விழுந்தால் மற்றொன்று தானாகவே எடுத்துக்கொள்ளுமாம். விழுந்ததே யாருக்கும் தெரியாதாம். “இதுக்குப் போயி அன்னிக்கு அவ்ளோ ரகளை பண்ணோம் மேடம். எழுதுங்களேன், புதுசா வந்ததுங்களுக்குப் படிக்கக் குடுக்கறேன்” என்றாள். புதிதாக வந்தவர்கள் படிப்பார்கள் என்று நம்பும் வயதில் அவள் இருக்கிறாள்.

நான் கணினிக்குப் பொறுப்பானது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழில் முதுகலை படித்துவிட்டு எழுத்தராகச் சேர்ந்தேன். தட்டச்சுப் பொறியிலிருந்து கணினிக்கு அலுவலகம் மாறிய ஆண்டு, அச்சுப்பொறியில் சிக்கிய காகிதத்தை மூடியைத் திறந்து நான் எடுத்துவிட்டேன். வேறு யாருக்கும் அந்த மூடி திறக்கும் என்பது தெரிந்திருக்கவில்லை. அன்றிலிருந்து மின்சாரத்தில் ஓடுவதெல்லாம் என் பொறுப்பு. மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் துவக்க விழா, மூன்றாம் நாள் சான்றிதழ் வழங்கும் விழா. நடுநாளில் கற்றதைக்கொண்டு பதினெட்டு ஆண்டு ஓட்டினேன்.

எங்களுடையது சான்றிதழ்ப் பிரிவு. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, ஒரு பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டில் ஏழு பேர், ஆறு கணினி. கல்லூரிச் சேர்க்கை நடக்கும் மாதங்களில் எங்களையே மாணவர் உதவி மையம் என்று ஆக்கிவிடுவார்கள். வாசலில் ஒரு பலகை கூடும், ஆள் கூடாது.

பிரிவின் கண்காணிப்பாளர் திரு. சந்தியாகு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். முழுக்கை வெள்ளைச் சட்டை, ஊதா மை ஊற்றிய பேனா. எங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். பெண்கள் மதாம், ஆண்கள் முசியே. கூட்டிப் பெருக்க வரும் அம்மாவும் மதாம்தான். அந்த அம்மா முதல் ஒரு வாரம் அவர் தன்னைத் திட்டுகிறார் என்று நினைத்து அழுதிருக்கிறார்.

கோப்பை அவர் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். “முதல் பக்கத்துல எல்லாரும் தெம்பா பொய் எழுதுவாங்க, மதாம். கடைசிப் பக்கம் வர்றப்ப களைச்சுப்போயி உண்மைய எழுதிடுவாங்க” என்றார். முதல் பக்கத்துக்கு வந்து சேர்ந்ததும் பேனா மூடியைக் கழற்றி வலப்பக்கம் நிறுத்திவைப்பார். தாளின் இடது மேல் மூலையில் வி, யு என்று இரண்டே எழுத்து. கீழே தேதி, தேதியில் ஏழு வந்தால் அதன் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு. அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து பிரெஞ்சில் ‘வ்யூ’. பார்த்தேன் என்று பொருள்.

பார்த்தேன், அவ்வளவுதான். சரி என்று அவர் எழுதியதை யாரும் கண்டதில்லை.

“சார், இதுக்கு ஓகேன்னு அர்த்தமா?” என்று எழுத்தர் எவராவது கேட்பார்.

“பார்த்தேன்னு அர்த்தம்.”

“அப்ப செய்யலாமா சார்?”

“நான் பார்த்தேன், முசியே.”

இதனால் அவருக்குப் பின்னால் ‘வ்யூ சார்’ என்று பெயர். பொறுப்பைத் தட்டிக்கழிக்க இதைவிட நாகரிகமான வழி இந்திய அரசாங்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை என்று நானே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதற்காக இப்போது வருந்துகிறேன். அப்போது சிரித்ததற்காக இல்லை, கவனிக்கத் தவறியதற்காக. கவனித்திருந்தால் வேறொன்று புரிந்திருக்கும். கைநாட்டு வைக்கும் கிழவிகள் வந்தால் அவர் எழுந்து போய் மைப்பெட்டியைத் தாமே பிடிப்பார். ரேகை வைத்து முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவர்கள் கட்டைவிரலைத் துடைத்துவிடுவார். அந்தக் கைக்குட்டை முழுக்க மைக்கறை. அப்படிப்பட்ட மனிதர் பொறுப்புக்குப் பயந்தவராக இருக்க முடியாது என்று முதுகலை படித்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

இனி இணைப்புக்கு வருகிறேன்.

எங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு செம்புக்கம்பி இணைப்பு. அதை டில்லியிலுள்ள மேலிடம் கண்காணித்தது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் அறுந்தால் அங்கே ஒரு திரையில் எங்கள் பெயருக்கு எதிரே சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். தெருவில் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தபின் அந்தக் கம்பிக்குத் தினமும் விக்கல். ஐந்து நிமிடம் வரும், நான்கு நிமிடம் போகும். பத்து நிமிடம் முழுதாகப் போகாததால் டில்லியில் எப்போதும் பச்சை. திரையைப் பொறுத்தவரை நாங்கள் சௌக்கியம்.

அடுத்த அறையில் முன்பு ஓர் ஆவணப் பிரிவு இருந்தது. அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் போனார்கள். அவர்களுடைய ஒளியிழை இணைப்பைத் துண்டிக்க உத்தரவு வரவில்லை. பூட்டிய அறையில் அந்தப் பெட்டி பச்சை விளக்கைக் கண்சிமிட்டிக்கொண்டு யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் விட்டுப்போன சாமான்களில் இரண்டு இணைப்புகளை ஏற்றுக்கொள்ளும் ஒரு ரூட்டரும் இருந்தது. பதிவேட்டில் ‘பயன்பாட்டில் இல்லை’ என்று குறித்திருந்தார்கள்.

இரண்டு இணைப்புகளையும் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டு டில்லிக்கு எழுதினேன். சந்தியாகு சார் அலுவலகப் பிரதியின் மூலையில் ‘வ்யூ’ போட்டார். அவர் அதை மூலப்பிரதியிலும் போட்டுவிட்டதைக் கவனிக்காமல் அதையே உறையிலிட்டு அனுப்பிவிட்டேன். இது முக்கியமென்று அப்போது எனக்குத் தெரியாது.

மறுமொழி வரவில்லை. இரண்டு நினைவூட்டல் அனுப்பியாயிற்று.

“அனுமதி இல்லாம சேர்த்தா தப்பு சார்” என்றேன் ஒருநாள்.

அவர் ஜன்னல் வழியாகத் தெருப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்த ஊரு எப்ப இந்தியாவோட சேர்ந்துச்சு, மதாம்?”

“ஐம்பத்துநாலு, நவம்பர் ஒண்ணு.”

“காயிதத்துல?”

“அறுபத்திரண்டு, ஆகஸ்டு பதினாறு. வருஷா வருஷம் லீவு விடறாங்களே.”

“நடுவுல எட்டு வருஷம் நாமெல்லாம் சும்மாவா இருந்தோம்?” என்று சொல்லிவிட்டு அடுத்த கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். இதுவும் சரி என்று ஆகாது. ஆனால் நான் அன்று மாலையே அடுத்த அறைச் சாவியை வாங்கினேன்.

சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்கப் பார்த்தோம். பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கிக்குப் பயந்து கட்டினார்களோ வெயிலுக்குப் பயந்து கட்டினார்களோ, இரண்டு முழக் கனம். துளைக்கும் கம்பி உடைந்ததுதான் மிச்சம். கடைசியில் மேலே காற்றுக்கு விட்டிருந்த துவாரம் வழியாக நீலக் கம்பியை இறக்கினோம். எங்கள் பழைய இணைப்பு மஞ்சள் கம்பி. இரண்டும் ரூட்டரின் இரண்டு வாயில்.

“அப்ப ஸ்பீடு டபுளா வருமா மேடம்?” என்றாள் கலைவாணி.

“நீ ஒருத்தி ரெண்டு பஸ்ல ஏற முடியுமா? ஆறு பேரு இருந்தா மூணு மூணு பேரா பிரிஞ்சு ஏறலாம். நெரிசல் குறையும். பஸ்ஸு அதே வேகத்துலதான் போவும்.”

இதைச் சரியாகத்தான் சொன்னேன். தவறு அடுத்த படியில். ரூட்டரை இரண்டு விதமாக வைக்கலாம். ஒரு விதத்தில் ஓர் இணைப்பு வேலை செய்யும், மற்றது காத்திருக்கும். முதலாவது விழுந்தால் அது எழுந்து நிற்கும். இன்னொரு விதத்தில் இரண்டும் எப்போதும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். நான் பகிர்வதையே தேர்ந்தெடுத்தேன். சும்மா உட்கார்ந்திருக்கும் ஊழியர்களை முப்பது ஆண்டு பார்த்துப் பொறுத்தவளுக்கு, ஒரு கம்பி சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும் பொறுக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் எல்லோரும் என்னைக் கொண்டாடினார்கள். கலைவாணி மட்டும் அவ்வப்போது, “மேடம், சேர்க்கை சைட்டு என்னைத் தூக்கி வெளிய போடுது” என்பாள். “அந்த சைட்டு லட்சணம் அப்படி” என்பேன். பிறர் குறையைக் கண்டுபிடிப்பதில் எனக்கு இருந்த தேர்ச்சி அன்று என் கண்ணை மறைத்தது.

செவிலியர் படிப்புக்கு விருப்பப் பட்டியலை உறுதிசெய்யும் கடைசி நாள் வந்தது. மாலை ஐந்து மணியோடு தளம் மூடும். அரியாங்குப்பத்தில் அன்று பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். அங்கே இருந்த கணினிக் கடை இருட்டு. மூன்றரை மணிக்கு ஆற்றைத் தாண்டி ஒரு அப்பாவும் மகளும் எங்களிடம் வந்தார்கள். அப்பா வேலாயுதம், பஞ்சாலையில் இருந்தவர். ஆலை மூடியபின் ஏடிஎம் வாசலில் காவலாளி, சீருடையிலேயே வந்திருந்தார். மகள் தமிழரசி, ஒரு பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

வேலாயுதத்திடம் இருந்தது பட்டன் போன். அதற்குத்தான் ஒவ்வொரு முறை உள்ளே நுழையும்போதும் கடவு எண் வரும். மூன்று முறை கேட்கலாம். நான்காம் முறை கேட்டால் கணக்கு மறுநாள்வரை பூட்டப்படும். மறுநாள் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன.

கலைவாணி கணினியில் உட்காரவைத்தாள். எண் வந்தது, அவர் வாசித்தார். உள்ளே போனார்கள். கல்லூரிகளை வரிசைப்படுத்திவிட்டு அடுத்த பக்கத்தைத் தட்டியதும் ‘உங்கள் அமர்வு முடிந்தது’. மறுபடி எண், மறுபடி உள்ளே, மறுபடி வெளியே. மணி நான்கு அடித்து ஐந்து நிமிடம். ஒரு வாய்ப்புதான் மிச்சம்.

கலைவாணி தன் செல்போனிலிருந்து இணையம் தரப் பார்த்தாள். உதவி மையத்தின் கணக்கு பதிவுசெய்யப்பட்ட அந்த ஒரு கணினியில்தான் திறக்கும். அந்தக் கணினிக்குக் கம்பி மட்டும்தான் தெரியும்.

“நான் தப்பா எதுனா அமுக்கிட்டேனா மேடம்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“நீ ஒண்ணும் பண்ணலைம்மா.”

“இல்ல மேடம், இது கை வச்சாலே இப்படித்தான், வூட்டுல மிக்சியும்…” என்று ஆரம்பித்தார் வேலாயுதம்.

“அப்பா. கம்முனு இரு.”

அவர் சும்மா இருக்கக்கூடியவர் இல்லை. ரூட்டரின் பின்னால் போய் இரண்டு கம்பிகளையும் பார்த்தார். “இன்னா மேடம், ரெண்டு ஒயரு?”

“ரெண்டு இணைப்பு. சேர்த்து வெச்சிருக்கோம்.”

“ரெண்டும் ஒரே இழுப்புல வருதா?”

“இல்ல. மஞ்சள் விட்டு விட்டு வரும்.”

“மில்லுல ரெண்டு நூலைச் சேர்த்து முறுக்கறப்ப, ஒண்ணு வெறப்பாவும் ஒண்ணு தொளதொளன்னும் வந்துச்சுன்னா நூலு சுருண்டுக்கும் மேடம். மேஸ்திரி வந்து காதுல திருகுவாரு. ஒண்ணை அறுத்துடு, ஒத்தை நூலாவே ஓட்டுன்னுவாரு.”

நான் கணினிக்குத் திரும்பினேன். வெளியுலகம் நம்மை எந்த எண்ணால் அறிகிறது என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைத் திறந்தேன். ஒரு எண். மறுபடி புதுப்பித்தேன். வேறு எண். மறுபடி, முதல் எண்.

அப்போதுதான் புரிந்தது. கம்பிக்கு ஓர் எண். சேர்க்கைத் தளம் ஒருவர் எந்த எண்ணின் வாசல் வழியாக நுழைந்தார் என்று குறித்துக்கொள்கிறது. எங்கள் ரூட்டரோ ஒரே பெண்ணின் முதல் பக்கத்தை மஞ்சள் கம்பியிலும் அடுத்த பக்கத்தை நீலக் கம்பியிலும் அனுப்புகிறது. கிழக்கு வாசலில் நுழைந்தவள் மேற்கு வாசலில் நின்றால், யாரோ அவள் பெயரில் புகுந்துவிட்டார்கள் என்று தளம் கதவைச் சாத்துகிறது. தளத்தின் மேல் பிழையில்லை. இரண்டு வாரமாகக் கலைவாணி சொன்னதும் இதுதான். அந்தப் பெண்ணின் இரண்டு வாய்ப்பைத் தின்றது என் கெட்டிக்காரத்தனம்.

ரூட்டரின் அமைப்பை மாற்றலாம். மாற்றினால் அது அணைந்து எழுந்திருக்க ஐந்தாறு நிமிடம். எழுந்தபின் எந்தக் கம்பியை முதலில் பிடிக்கும் என்பது அன்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஒரு கம்பியைக் கையால் பிடுங்கிவிட்டால் உறுதி. நீலத்தைப் பிடுங்கினால் விக்கல் எடுக்கும் மஞ்சள்தான் மிஞ்சும். பிடுங்க வேண்டியது மஞ்சளை. மஞ்சள்தான் எங்களுக்கு அதிகாரபூர்வமானது. பிடுங்கினால் பத்தாவது நிமிடம் டில்லியில் சிவப்பு விளக்கு. அதோடு, இல்லாத ஒரு பிரிவின் கம்பியில் அலுவலகம் முழுவதையும் ஓட்டிய குற்றமும் சேரும். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. சந்தியாகு சாருக்கு மூன்று.

அவர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னேன், என் தவறு உட்பட. கேட்டுக்கொண்டே எழுந்து என்னோடு வந்தார். தமிழரசி எழுந்து நின்றாள். உட்காரும்படி கை காட்டினார்.

“எது நம்மளுது, மதாம்?”

“மஞ்சள்.”

“எது ஓடுது?”

“நீலம்.”

“பழுதுப் பதிவேட்டை எடுங்க.”

எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘பிற்பகல் 4.20. மாணவர் ஒருவரின் பணியை முடிக்கும் பொருட்டு மஞ்சள் கம்பி அகற்றப்படுகிறது.’ பேனாவைத் திறந்து மூடியை என் மேசையில் வலப்பக்கம் நிறுத்திவைத்தார். மூலையில் ‘வ்யூ’ என்று எழுதி, கீழே தேதியும், வழக்கத்துக்கு மாறாக நேரமும் குறித்தார். 4.20.

“சார், நான் இன்னும் பிடுங்கவே இல்லையே.”

“நான் பார்த்துட்டேன்.”

“நடக்காததை எப்படிப் பார்த்தீங்கன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டும். மேலதிகாரி ஒருத்தன் முன்னாடியே பார்த்திருக்கான், பார்த்தும் தடுக்கல. அப்ப கேள்வி யாரைக் கேக்கணும்? உங்க கையேட்டுல என்ன போட்டிருக்கு?”

எனக்கு அந்த விதி தெரியும். பக்க எண்கூடத் தெரியும். கண்டும் தடுக்காத மேலதிகாரியே முழுப்பொறுப்பு. இத்தனை ஆண்டுகள் அவர் கோப்பு மூலைகளில் எழுதிக்கொண்டிருந்தது ‘எனக்குச் சம்பந்தமில்லை’ என்று நான் நினைத்திருந்தேன். ‘கேள்வி வந்தால் என்னிடம் அனுப்பு’ என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கிறார்.

“பிடுங்குங்க, மதாம். மணி ஆவுது.”

பிடுங்கினேன்.

மூன்றாவது எண் வந்தது. வேலாயுதம் போனைத் தூரமாகப் பிடித்து ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார். நாலு. ஏழு. ரெண்டு. அப்புறம், “இது மூணா எட்டா, கண்ணாடிய வூட்டுல வச்சிட்டேன்” என்றார். தமிழரசி போனைப் பிடுங்கி, “எட்டு” என்று தானே தட்டினாள். உள்ளே போனது. வரிசைப்படுத்தினாள். அடுத்த பக்கம் வந்தது. அதற்கடுத்த பக்கமும் வந்தது. நான்கு நாற்பத்தொன்றுக்கு ‘உறுதிசெய்யப்பட்டது’ என்று திரையில் எழுந்தது. அச்சுப்பொறி அந்தத் தாளைச் சிக்காமல் வெளியே தள்ளியது. அதுவும் ஒரு ஆச்சரியம்தான்.

வேலாயுதம் என்னைப் பார்த்து, “நான் சொல்லல?” என்றார்.

“சொன்னீங்க” என்றேன்.

அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் விருப்பம் இல்லை, மூன்றாவது. படித்து முடித்து இப்போது கதிர்காமத்தில் வேலை பார்க்கிறாள்.

சிவப்பு விளக்கு எரிந்ததற்குக் குறிப்பாணை நான்காம் நாளே வந்தது. அவர்களுக்கும் வேகம் உண்டு, எதில் என்பதுதான் கேள்வி. பதிவேட்டில் பார்த்ததாகக் குறித்த மேலதிகாரி யார் என்று கேட்டார்கள். சந்தியாகு சார் தம் பெயரை எழுதி, விளக்கம் என்ற இடத்தில் ‘பார்த்தேன்’ என்று ஒரே சொல் எழுதினார். நான் மூன்று பக்கம் எழுதி, இணைப்பைச் சேர்த்ததும் பிரித்ததும் நானே என்று சொல்லி, நடந்து முடிந்ததற்குப் பிறகு தரும் அனுமதியான பின்னேற்பு கேட்டு, எங்கள் பழைய கடிதத்தின் எண்ணையும் குறிப்பிட்டு அனுப்பினேன். மறுமொழி இல்லை.

மூன்று மாதம் கழித்து அவர் ஓய்வுபெற்றார். ஓய்வாணையின் கடைசி வரி: ‘இவர்மீதான ஒரு விளக்கம் நிலுவையில் உள்ளது.’ முப்பத்தாறு ஆண்டுப் பணியில் அவர் பெயருக்கெதிரே எழுதப்பட்ட ஒரே கறை. ஆணையை வழக்கம்போல் கடைசியிலிருந்து படிக்க ஆரம்பித்ததால் முதலில் அந்த வரியைத்தான் படித்தார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில், கைக்குட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். வழியனுப்பு விழாவில் வடை நன்றாக இருந்தது என்று பேசினார். வேறொன்றும் பேசவில்லை.

நான் நினைவூட்டல்கள் அனுப்பினேன். ஓய்வுபெறும் நாள்வரை மாதம் ஒன்று. அதன்பின் கலைவாணியிடம் கோப்பை ஒப்படைத்தேன், அவளும் விடவில்லை. “இதை அனுப்பறது எனக்கு நோன்பு மாதிரி ஆயிடுச்சு மேடம்” என்பாள். நடுவில் பிரிவு புதுக் கட்டடத்துக்குப் போனது. மஞ்சள், நீலம் இரண்டு கம்பியையும் சுருட்டி எடைக்குப் போட்டார்கள். சந்தியாகு சாருக்குக் கண்ணில் நீரழுத்தம் வந்து பார்வை படிப்படியாக மங்கியது. நான் மாதம் ஒருமுறை முத்தியால்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போவேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே “வாங்க, மதாம்” என்பார். அந்த வரியைப் பற்றி அவர் கேட்டதில்லை. ஒவ்வொரு முறையும் கிளம்பும்போது, “டில்லியில மழையா?” என்பார். “இன்னும் இல்ல சார்” என்பேன். எங்களுக்குள் அதற்கு வேறு பொருள்.

நான்கு ஆண்டு கழித்து ஒரு விடுமுறை நாளில் கலைவாணியின் அழைப்பு.

“மேடம், வந்துடுச்சு.”

“என்ன வந்துடுச்சு?”

“டில்லி. அவங்களுக்கு இன்னிக்கு ஆபீஸ் இருக்கு போல. மெயிலைப் போன்ல பார்த்தேன், உங்களுக்கு அனுப்பிட்டேன். ஆனா மேடம்… யாரோ வி.யு.ன்னு ஒருத்தருக்கு வந்திருக்கு.”

தெருமுனைக் கடையில் அச்செடுத்துப் படித்தேன். ‘பெறுநர்: திரு. வி.யு., கண்காணிப்பாளர்.’ அனுமதி கேட்டு நான் அனுப்பிய அந்த மூலப்பிரதியின் மூலையில் இருந்த இரண்டு எழுத்தை டில்லியில் யாரோ ஓர் அதிகாரியின் பெயரெழுத்து என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே: ‘திரு. வி.யு. அவர்களின் பரிந்துரையை ஏற்று, இரு இணைப்புகளைச் சேர்த்ததற்கும் அவசர நிலையில் ஒன்றை அகற்றியதற்கும் பின்னேற்பு அளிக்கப்படுகிறது. இது தொடர்பாகத் திரு. சந்தியாகு மீதான குறிப்பாணை முடித்துவைக்கப்படுகிறது.’

வாழ்நாளில் எதையும் பரிந்துரைக்காத மனிதரின் பரிந்துரையின் பேரில் அவரே விடுவிக்கப்பட்டிருந்தார்.

ஆட்டோ பிடித்துப் போனேன். செருப்பைக் கழற்றினேன்.

“வாங்க, மதாம். இன்னிக்கு லீவாச்சே.”

“டில்லியில மழை, சார்.”

உட்காரும்படி கை காட்டினார். பிறகு, “கடைசியில இருந்து படிங்க” என்றார்.

கடைசியிலிருந்தே படித்தேன். குறிப்பாணை முடித்துவைக்கப்பட்ட வரியில் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். வி.யு. வந்ததும் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “அந்த முசியே நல்ல ஆளு. எங்கிட்ட வேலை பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டேன்.”

பிறகு பேனாவைக் கேட்டார். ஊதா மைப்பேனா அலமாரியிலேயே இருந்தது. மூடியைக் கழற்றி வலப்பக்கம், தடவிப் பார்த்து நிறுத்திவைத்தார். அவர் விரலைப் பிடித்துத் தாளின் இடது மேல் மூலையில் வைத்தேன். இரண்டு எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவர் அதைத் தாண்டி எழுதிக்கொண்டே போனார். எழுத்துகள் சரிந்து அச்சு வரிமேல் ஏறின.

“வ்யூ இல்லையா சார்?”

“பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதலாமா, மதாம்? நீங்க படிச்சீங்க, நான் கேட்டேன்.”

எழுதியிருந்தது ‘ஆந்தாந்த்யூ’. கேட்டேன் என்று பொருள். எனக்குத் தெரிந்த கொஞ்சம் பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு: சரி, சம்மதம். எந்தப் பொருளில் எழுதினார் என்று நான் கேட்கவில்லை. மை அவர் கட்டைவிரலில் வழிந்திருந்தது. என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன்.

“தேதி போடணும். இன்னிக்கு என்ன தேதி?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, லீவு எதற்கென்று நினைவு வந்தவராகத் தாமே சிரித்துக்கொண்டு, சொல்லுக்குக் கீழே தடவித் தடவி எழுதினார்: ஆகஸ்டு 16.